இலை நுனியைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழை சற்று விட்ட காலையில், மதுரையைத் தாண்டி மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி வரை போய் மெதுவாக நடந்து பாருங்கள். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. மெதுவாக நடப்பதுதான் முக்கியம்.

இந்தப் பருவத்தில் எங்கே நடந்தாலும், வேலியோரப் புதரில் செங்காந்தள் கண்ணில் பட்டால் நில்லுங்கள். நம் மாநில மலர். எல்லோரும் பூவைப் பார்ப்பார்கள். நீங்கள் இலை நுனியைப் பாருங்கள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்த குழந்தை விரல் மாதிரி, சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றியிருக்கும். தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலை நுனிதான் அந்தக் கொடியையே ஏற்றிவிடுகிறது! என்ன அழகான ஏற்பாடு!

பூவும் அப்படித்தான். பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவக்கும். ஆசைதீரப் பாருங்கள், பறிக்க வேண்டாம். அதன் கிழங்கு கொடிய நஞ்சு; கூட வரும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.