நோயாளிக்குத் துணை இருப்பவர்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், நோயாளர் உலக தினத்தன்று நிகழ்த்திய உரை)



லூர்து மாதாவின் திருநாளாகிய பிப்ரவரி 11ஆம் நாளை நோயாளரின் உலக தினமாகத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் 1992இல் ஏற்படுத்தினார். 1993 முதல் அது கொண்டாடப்பட்டு வருகிறது. நாமும் நோயாளிகளை ஆட்டோவில் ஏற்றிவந்து, முன்வரிசையில் அமர்த்தி, பூசை வைத்து, பழமும் ரொட்டியும் கொடுத்து அனுப்புகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த நோயாளியைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, கைத்தாங்கலாக அழைத்து வந்தவர் தூணோரமாக நிற்கிறார். அவர் சாப்பிட்டாரா என்று கேட்பார் இல்லை. இன்று அவரைப் பற்றியே பேச விரும்புகிறோம். சிறப்பாக, புற்றுநோய் கண்ட வீட்டில் அவர் படும் பாட்டைப் பற்றி.

பெரியாஸ்பத்திரிக்கும் பாலரெங்காபுரத்திற்கும் நோயாளியோடு அலைந்தவர்கள் நம்மிடையே உண்டு. ‘கரண்ட் வைப்பது’ என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாளாகப் பல வாரம் நடக்கும். இயந்திரத்தின் கீழ்ப் படுப்பது சில நிமிடங்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ மேலூர்ப் பக்கத்திலிருந்தோ வந்து, வரிசையில் காத்திருந்து, திரும்பிப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நோயாளிக்குப் போகும் நாள் துணைக்கு வந்தவருக்கும் போகிறது. பூப்பறிக்கப் போகிறவருக்கும் நடவுக்குப் போகிறவருக்கும் அது அன்றைய கூலி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. கூட வந்தவர் இழந்த கூலியையும், வெளியே வாங்கிய இட்லியையும், அடகுக் கடை வட்டியையும் யார் தாங்குவது? புற்றுநோயாளியோடு பயணம் செய்யும் துணையாளர் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. ரயில்வேக்கு இருக்கும் இந்த ஞாபகம் சில உறவினருக்கு இருந்தால் நன்றாயிருக்கும்!

பணக் கஷ்டம் வெளியே தெரியும். தெரியாத பாரம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடம் பலரும் சொல்வதில்லை. ‘சின்னக் கட்டிதான், சரியாகிவிடும்’ என்கிறோம். வைத்தியர் சொன்னதை முழுதும் அறிந்தவர் மனைவியோ மூத்த மகளோ மட்டுமே. அடுப்படியில் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கஞ்சி கொண்டுபோக வேண்டும். இதற்கிடையில் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற நோயன்று. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இதைப் பீடத்திலிருந்து பலமுறை சொல்லியும் போதவில்லை என்பதால் இங்கும் சொல்கிறோம்.

இப்படிப்பட்ட பாரத்தை அளக்க முடியுமா? காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு, மன அயர்ச்சிக்கு உண்டா என்று கேட்கலாம். அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். அவர்கள் கையாளும் கருவி, கேள்வித்தாள். உலக சுகாதார நிறுவனம் 1990களில் பல நாட்டு மையங்களைச் சேர்த்து வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்விகளை உருவாக்கிற்று. அவற்றுள் ஒன்று நமது சென்னை. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் உறக்கம் எப்படி, கைச்செலவுக்குப் பணம் போதுமா, நண்பர்கள் துணை நிற்கிறார்களா என்று அவை கேட்கின்றன. மனநோய் கண்டவர்களின் குடும்பத்தார் சுமக்கும் பாரத்தை அளக்க, சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தார் குடும்பத்தாரையே பேசவைத்து, அதிலிருந்து 40 கேள்விகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் வைட்ஸ்னர் என்ற மருத்துவரும் அவரைச் சார்ந்தோரும் புற்றுநோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கென்றே 35 கேள்விகள் கொண்ட தாளை வெளியிட்டனர். அதில் தூக்கமும் பணமும் மட்டுமல்ல, வீட்டில் மற்றவர்கள் பராமரிப்பில் அக்கறை காட்டாதது மனத்தை வருத்துகிறதா என்ற கேள்வியும் உண்டு. நோயாளியோடு நெருக்கம் கூடியதா, ஆன்மீக உணர்வு வளர்ந்ததா என்றும் கேட்கிறது. துன்பத்தை மட்டும் எண்ணி, அதனுள் விளையும் அன்பை எண்ணாமல் விடவில்லை என்பது நமக்கு மனநிறைவு தருகிறது.

இவை எல்லாவற்றிலும் நம் பங்கிற்கு மிகவும் வேண்டியது 1980இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. ஸ்டீவன் ஜாரிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும், முதுமையில் நினைவு தவறிப்போன 29 பேரின் வீடுகளில் அவர்களைக் கவனிப்போரிடம் கேட்டனர். அது புற்றுநோயைப் பற்றியதன்று, சிறிய எண்ணிக்கையும்தான். ஆயினும் கண்டது என்ன? நோயாளியின் தொந்தரவு கூடியதால் பாரம் கூடிற்று என்று காணவில்லை. மற்ற உறவினர் அடிக்கடி வந்துபோகும் வீட்டில் பாரம் குறைந்திருந்தது! நோயைக் குறைக்க நம்மால் ஆகாது. வந்துபோவது நம்மால் ஆகும் அன்றோ?

ஆனால் எப்படி வந்துபோகிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஏழெட்டுப் பேராகப் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம். ‘யாரோ ஒருவருக்கு இதே நோய், ஆறு மாதத்தில் போய்விட்டார்’ என்று கதை சொல்கிறோம். அந்தத் தாய் ஓடி ஓடிக் காப்பி போடுகிறார். இப்படிப்பட்ட சந்திப்பு பாரத்தைக் கூட்டத்தான் செய்யும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்த பிறகுதான் வினை வந்தது.

கேட்கும் விதமும் ஒன்று உண்டு. ‘கஷ்டமாக இருக்கிறதா அம்மா?’ என்றால், ‘அதெல்லாம் ஒன்றுமில்லை சாமி, நான் செய்யாமல் யார் செய்வது?’ என்றே பதில் வரும். கட்டிலில் படுத்திருப்பவரின் காதில் விழும்படி வேறு என்ன சொல்ல முடியும்? எனவே திண்ணைக்கு அழைத்துக் கேளுங்கள். கேள்வித்தாள் தயாரித்தவர்கள் கேட்பதுபோல், பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? உங்கள் சர்க்கரை மாத்திரை இருக்கிறதா? கடைசியாக வெளியே போனது எப்போது? பிள்ளை பள்ளிக்கூடம் போகிறானா? மாமியார் வீட்டிலிருந்து யார் வந்தார்கள்? இந்தப் பதில்களிலிருந்து செய்ய வேண்டிய காரியம் தானாகத் தெரியும்.

திருச்சபையின் சட்டம் இந்தத் துணையாளரை மறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் உண்டல்லவா? 1973இல் நோயாளிகளுக்கு அதைக் கால் மணியாகத் தளர்த்தியபோது, அவர்களைப் பராமரிப்போரையும் சேர்த்தே தளர்த்தினார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் விதி, நோயுற்றோரும் அவர்களைக் கவனிப்போரும் அந்த ஒரு மணிக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்கிறது. முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று நாம் பயந்த அருட்சாதனத்தை நோயுற்றோருக்குரியதாக 1972இல் புதுப்பித்தபோதும், ஆறுதல் அளிக்கும் பணியில் குடும்பத்தாருக்குத் தனிப் பங்கு உண்டு என்று சடங்கு நூலின் முன்னுரையில் எழுதினார்கள். நோயாளியை விட்டு அகல முடியாதவருக்கு ஞாயிறு பூசைக் கடன் கட்டாயமில்லை என்பது பழைய போதனை. இது தெரியாமல், பூசைக்கு வராதது பாவம் என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார் பலர். வீட்டிற்கு நற்கருணை கொண்டுபோகிறவர்கள் நோயாளிக்கு ஒன்று மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

தவக்காலம்தோறும் ஐந்தாம் ஸ்தலத்தில் முழங்காலிடுகிறோம். சிரேனே ஊர் சீமோன் தானாக முன்வந்தவன் அல்லன். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து, சிலுவையைச் சுமத்தினார்கள். அலெக்சாந்தர், ரூபு என்று அவன் மக்களின் பெயரைக்கூட மாற்கு எழுதிவைத்தார். அவன் தோள் புண்ணானதா, வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தவர் என்ன ஆனார் என்று நாம் யோசித்ததுண்டா? நம் தெருக்களில் இருக்கும் சீமோன்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களும் கேட்டு வாங்கிய சிலுவையன்று அது. அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் கையைக் கட்டிக்கொள்வது நியாயமாகாது. அண்ணன் தம்பிகளே, பெற்ற தாய்க்கு இரவில் கண்விழிப்பது மருமகளுக்கும் மகளுக்கும் மட்டும் விதித்த வேலையா?

2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து வலி தணிக்கும் சேவையும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வலி தணிந்தால் நோயாளியோடு சேர்ந்து வீடும் உறங்கும்.

இன்னொன்று. மரணத்திற்குப் பிறகு முப்பதாம் நாள் பூசை வரை வீடு நிறைந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள்? இரண்டு வருடம் மாத்திரை நேரத்தைப் பார்த்தே வாழ்ந்தவர் அன்று காலை எழுந்து என்ன செய்வார்? வின்சென்ட் தே பவுல் சபையினர் தங்கள் வீடு சந்திப்புக் குறிப்பேட்டில் அந்த வீட்டின் பெயரை அடித்துவிடாமல், இன்னும் ஓராண்டு வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பொன்விழா நினைவாக வளைவு கட்டலாம், மணி வாங்கலாம் என்று யோசனைகள் வந்தன. வரட்டும். அதற்கு முன்னால், வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து, அந்த வீட்டுத் துணையாளரைப் பூசைக்கோ, கடைக்கோ, வெறுமனே தூங்கவோ அனுப்பிவைக்க ஆட்கள் வேண்டும். ஆண் நோயாளிகளுக்கு ஆண்களும் வேண்டும். அவர்கள் பெயர்தான் குறைவாக வருகிறது. உபதேசியாரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இன்று பூசை முடிந்ததும் கெபிக்குப் பக்கத்தில் அதோடு உட்கார்ந்திருப்பார். பெயரையும், தெருவையும், எந்தக் கிழமை எந்த நேரம் தோதுப்படும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். துணை தேவைப்படும் வீட்டார் கடைசிப் பக்கத்தில் எழுதலாம். சொல்லக் கூச்சப்படுவோர் அருட்சகோதரிகளிடம் காதோடு சொன்னாலும் போதும்.