ஜாதகமும் இரத்தக் கணக்கும்

(திருத்தணிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



பெரிய நோய் கண்டால் நம் ஜனங்கள் மலைப்படி ஏறி முருகனுக்கு நேர்ந்துகொள்ளுகிறார்கள், அல்லது தமிழ் ஜோசியனிடமோ தெலுங்கு ஜோசியனிடமோ ஜாதகத்தை நீட்டி, "கண்டம் தப்புமா?" என்று கேட்கிறார்கள். இப்பொழுது நுரையீரல் புற்றுநோய்க்காரரின் இரத்தத்தைப் பார்த்து, மருந்து பலிக்குமா என்று டாக்டர்கள் கணக்குப் போடுகிறார்கள். உடனே வைதிகர்கள், "இதுவும் ஜோசியந்தானே!" என்கிறார்கள். இதைச் சற்று ஆராய்வோம்.

நம் உடம்பில் கெட்டுப்போன அணுக்களைக் கொல்லும் காவல்காரர்கள் வெள்ளை அணுக்கள். புற்றானது இவர்களுடைய கையைக் கட்டிவிடுகிறது. அந்தக் கட்டை அவிழ்ப்பதே இம்யூனோதெரபி. இதற்கு வழி கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும், ஜப்பானியர் தசுகு ஹொன்ஜோவுக்கும் 2018ல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்து எல்லோருக்கும் பலிப்பதில்லை. விலையோ காணியை விற்கச் செய்வது. ஆகவே யாருக்குப் பலிக்கும் என்று முன்னரே அறிவது அவசியமாயிற்று.

பாரிஸ் அருகிலுள்ள குஸ்தாவ் ரூசி மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர்கள் 2018ல் இரண்டு சாதாரண எண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்று, நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் மற்ற வெள்ளை அணுக்களைப்போல் 3 மடங்குக்கு மேல் இருக்கின்றனவா என்பது, மற்றொன்று, எல்.டி.எச். என்னும் பொருள் அளவு மீறியதா என்பது. இரண்டும் மீறியவர்கள் இம்யூனோதெரபி பெற்றும் சீக்கிரம் இறந்தார்கள். கீமோதெரபி பெற்றவர்களிடம் இவ்வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இது இம்யூனோதெரபிக்கே உரிய குறி என்று தோன்றிற்று.

அத்துடன் நின்றார்களா? இல்லை. 2019ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் 11 பரிசோதனைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். எந்தச் சிகிச்சை பெற்றாலும் அந்த எண்கள் கெட்டவர்கள் குறைந்த காலமே இருந்தார்கள் என்று கண்டு, அதை வெளிப்படையாய் அச்சிட்டார்கள். அதாவது, அது நோயின் கடுமையைக் காட்டுமேயொழிய, எந்த மருந்து நல்லது என்பதைத் தீர்மானிக்காது. முந்தியவர்களை யாரும் பாவிகள் என்று சொல்லவில்லை, கணக்குத்தான் திருந்திற்று.

தோழர்களே! எந்த ஜோசியனாவது தான் சொன்னதில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று கணக்கு வைத்ததுண்டா? பலித்தால் அவன் சாமர்த்தியம். பொய்த்தால் உங்கள் கர்மம்! இதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் இரத்த எண்ணையும் தலையெழுத்தாக்கிவிடாதீர்கள். அது கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு. தனி மனிதனின் ஆயுள் சீட்டல்ல. கிருமி தொற்றினாலும், ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டாலும் நியூட்ரோபில் உயரும். மருந்தைத் தீர்மானிக்க, புற்றின் சதையை எடுத்து பி.டி.-எல்1 பரிசோதனையும், மரபணுப் பரிசோதனையும் செய்யவேண்டும். இவை நடந்தனவா என்று டாக்டரை மரியாதையாய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்று வாரம் கடந்தும் இருமல் நிற்காவிட்டாலும், சளியில் இரத்தம் கண்டாலும் நல்ல நாள் பார்க்காதீர்கள். நோய் நாள் பார்த்து வளருவதில்லை. 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ரயிலேறினால் அன்றைக்கே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், விசாரித்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டபடி நடவுங்கள்.