தேவகவுடா: ஐக்கிய முன்னணியிலிருந்து தேசிய ஜனநாயகக் கூட்டணி வரை

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

கர்நாடகத்திலிருந்து இதுவரை ஒருவர்தான் நாட்டின் பிரதமராகியிருக்கிறார். அவர் எச்.டி. தேவகவுடா. 1996 ஜூன் 1 அன்று, பாஜக ஆட்சிக்கு வராமல் தடுப்பதற்காக உருவான ஐக்கிய முன்னணியின் பிரதமராக அவர் பொறுப்பேற்றார். 2023 செப்டம்பரில் அவருடைய மதச்சார்பற்ற ஜனதா தளம், பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணியில் சேர்ந்தது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் 27 ஆண்டுகள். எதைத் தடுப்பதற்காகப் பிரதமரானாரோ, அதனுடனேயே அவரது கட்சி கைகோத்தது எப்படி என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி.

இதற்கு எளிதான விடைகள் உண்டு. குடும்ப அரசியல், பதவி ஆசை, சந்தர்ப்பவாதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அவற்றில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரு தலைவரின் குணநலன்களைக் கொண்டு மட்டும் அரசியலை விளக்குவது நம்முடைய முறையல்ல. அவர் எந்த வர்க்கத்தின் தோளில் ஏறி வந்தார், அந்த வர்க்கத்தின் தேவைகள் எவ்வாறு மாறின என்பதைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

தேவகவுடா 1933 மே 18 அன்று ஹாசன் மாவட்டம் ஹொளெநரசீபுரம் தாலுகாவில் உள்ள ஹரதனஹள்ளியில் ஒக்கலிகர் சமூகத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிவில் பொறியியலில் பட்டயப் படிப்பு முடித்தார். 1953-இல் காங்கிரசில் சேர்ந்த அவர், 1962-இல் சுயேச்சையாகப் போட்டியிட்டுச் சட்டமன்றத்திற்குள் நுழைந்தார். 1969-இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது பழைய காங்கிரஸ் பக்கம் நின்றார். 1972 முதல் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார். அவசரநிலைக் காலத்தில் பெங்களூரு மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். ஜனநாயக உரிமைகளுக்காக அவர் அனுபவித்த அந்தச் சிறைவாசத்தை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காலத்தின் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். 1974-இல் அர்ஸ் அரசு கொண்டுவந்த நிலச்சீர்திருத்தச் சட்டத் திருத்தம், குத்தகை விவசாயிகளுக்கு நில உரிமை வழங்க வழிசெய்தது. ஒக்கலிகர், லிங்காயத்து ஆகிய இரு ஆதிக்கச் சமூகங்களுக்கு வெளியே, பிற்படுத்தப்பட்டோரையும் தலித்துகளையும் திரட்டி அர்ஸ் தம் அரசியலை அமைத்தார். அதற்கு எதிரணியில் நின்ற ஆற்றல்களின் குரலாகவே தேவகவுடாவின் வளர்ச்சி தொடங்கியது. நிலம் வைத்திருக்கும், நீர்ப்பாசனம் கோரும், அரசின் கடனையும் ஒப்பந்தங்களையும் நாடும் கிராமப்புறப் பகுதியினரே அவரது அடித்தளம். ‘மண்ணின் மகன்’ என்ற பட்டத்தைக் கேட்கும்போது, எந்த மண், யார் பெயரில் உள்ள பட்டா என்று நாம் கேட்டாக வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் கர்நாடகம் கொந்தளித்தது. 1980 ஜூலையில் நரகுந்து, நவலகுந்து பகுதிகளில் மலப்பிரபா பாசன விவசாயிகள் வரிச்சுமைக்கு எதிராக எழுந்தனர், துப்பாக்கிச்சூடு நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்த நகரத்தின் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆகிய பொதுத்துறை ஆலைகளின் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 77 நாட்கள் நீடித்த போராட்டம் அது. அதில் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஒரே கொடியின் கீழ் நின்றனர். இந்த இரு போராட்ட அலைகளும் சேர்ந்துதான் 1983-இல் குண்டுராவ் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்தும் சூழலை உருவாக்கின. ஆனால் பலனை அறுவடை செய்தது ஜனதா கட்சி. ராமகிருஷ்ண ஹெக்டே முதல்வரானார். அந்தச் சிறுபான்மை அரசை இடதுசாரிகளும் வெளியிலிருந்து ஆதரித்தனர், பாஜகவும் ஆதரித்தது. தேவகவுடா பொதுப்பணி, நீர்ப்பாசனத் துறைகளின் அமைச்சரானார். தொழிலாளியும் விவசாயியும் போராடினர். ஆட்சி வேறு கைகளுக்குச் சென்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1994 டிசம்பரில் ஜனதா தளம் 224 இடங்களில் 115-ஐ வென்றது. தேவகவுடா முதல்வரானார். அவர் ஆட்சி செய்த ஒன்றரை ஆண்டு, தாராளமயம் மாநிலங்களுக்குள் இறங்கிய காலம். 1995 பிப்ரவரியில் பெங்களூரு–மைசூரு உள்கட்டமைப்புத் தாழ்வாரத் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் தனியார் நிறுவனங்களின் கூட்டமைப்புடன் செய்துகொள்ளப்பட்டது. பின்னாளில் அத்திட்டத்துக்கு இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வழங்க அரசு உடன்பட்டது. பிற்காலத்தில் இத்திட்டத்தைத் தேவகவுடாவே கடுமையாக எதிர்த்தார். அதே 1995-இல் நிலச்சீர்திருத்தச் சட்டமும் திருத்தப்பட்டது. விவசாயம் சாராத வருமானம் உள்ளவர்கள் விளைநிலம் வாங்குவதற்கான வருமான வரம்பு 50 ஆயிரம் ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. பணம் படைத்தவர்களுக்கு நிலச்சந்தையின் கதவு சற்றே திறந்தது. அதை முழுதாகத் திறந்தவர்கள் யார் என்பதைப் பின்னர் காண்போம்.

இனி 1996-க்கு வருவோம். மக்களவைத் தேர்தலில் பாஜக 161, காங்கிரஸ் 140, ஜனதா தளம் 46, மார்க்சிஸ்ட் கட்சி 32, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 12 இடங்களைப் பெற்றன. வாஜ்பாய் அரசு 13 நாட்களில் வீழ்ந்தது. ஐக்கிய முன்னணித் தலைவர்கள் தோழர் ஜோதிபாசுவைப் பிரதமராக்க விரும்பினர். நமது மத்தியக் குழு அரசில் பங்கேற்பதில்லை என்று முடிவு செய்தது. அதன்பின்னரே தேவகவுடாவின் பெயர் வந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைச்சரவையில் சேர்ந்தது. தோழர் இந்திரஜித் குப்தா உள்துறையையும், தோழர் சதுரானன் மிஸ்ரா வேளாண் துறையையும் ஏற்றனர்.

அந்த அரசின் நற்செயல்களை மறைக்கக் கூடாது. அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் ஏகாதிபத்திய நிர்ப்பந்தத்துக்குப் பணிந்து கையெழுத்திட அது மறுத்தது. 1996 செப்டம்பர் 12 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவை முதன்முறையாக அறிமுகம் செய்தது. அதை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்குத் தோழர் கீதா முகர்ஜி தலைமை தாங்கினார். அக்டோபரில் மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சில் கூட்டப்பட்டது. டிசம்பரில் வங்கதேசத்துடன் கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது; அதில் ஜோதிபாசுவின் பங்கு பெரிது. கூட்டாட்சி, மதச்சார்பின்மை, சுதந்திரமான அயலுறவு ஆகிய துறைகளில் அது முன்னேற்றமான அரசே.

பொருளாதாரத்தில் நடந்தது வேறு. ஆட்சிக்கு வந்த ஏறத்தாழ ஒரு மாதத்தில் பெட்ரோலியப் பொருட்களின் விலை உயர்த்தப்பட்டது. இடதுசாரிகளின் எதிர்ப்புக்குப் பின் டீசல் விலை உயர்வு மட்டும் ஓரளவு குறைக்கப்பட்டது. ஆகஸ்டில் பொதுத்துறைப் பங்கு விற்பனைக்கான ஆணையம் அமைக்கப்பட்டது. 1997 பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் அளித்த நிதிநிலை அறிக்கை, தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதத்தை 40-இலிருந்து 30 சதவீதமாகக் குறைத்தது. முதலாளிகளின் ஏடுகள் அதைக் ‘கனவு பட்ஜெட்’ என்று கொண்டாடின. யாருடைய கனவு? பொதுத்துறை ஆலைகளின் நிழலில் வாழ்ந்த இந்த நகரத் தொழிலாளியின் கனவன்று. அந்தப் பாதை எங்கே முடிந்தது என்பதற்கு 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட கோலார் தங்கவயலும், 2016-இல் மூடப்பட்ட எச்.எம்.டி. கடிகார ஆலையும் சாட்சி.

தோழர்களே, 1996-இல் நாம் ஆட்சியில் சேர்ந்திருக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றும் கேட்கிறது. ஜோதிபாசு அந்த முடிவை வரலாற்றுத் தவறு என்றார். 1998-இல் கொல்கத்தாவில் கூடிய 16-ஆவது மாநாடு மத்தியக் குழுவின் முடிவை உறுதிசெய்தது. நான் கேட்க விரும்புவது வேறொன்று. உள்ளே இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியால் பங்கு விற்பனை ஆணையத்தைத் தடுக்க முடிந்ததா? வெளியே நின்று வழிகாட்டுக் குழுவில் இருந்த நம்மால் தடுக்க முடிந்ததா? இருவராலும் முடியவில்லை. எனவே உள்ளேயா வெளியேயா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தொழிலாளி வர்க்கத்தின் சொந்த பலம் எவ்வளவு என்பதே. அந்த பலம் இல்லாத இடத்தில் குறைந்தபட்சப் பொதுத் திட்டம் காகிதமாகவே நிற்கும்.

அந்த அரசின் முடிவும் இதையே காட்டுகிறது. 1997 மார்ச் 30 அன்று காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவை விலக்கினார். ஏப்ரல் 11 அன்று நம்பிக்கைத் தீர்மானம் தோற்றது. பெருமுதலாளித்துவக் கட்சி ஒன்றின் தயவில் நின்ற அரசு, அந்தத் தயவு போனதும் விழுந்தது. அதைக் காக்க எந்த ஆலை வாசலிலும் எந்த வயலிலும் மக்கள் திரளவில்லை.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 1999-இல் ஜனதா தளத்தின் ஒரு பகுதி பாஜக கூட்டணிக்குச் சென்றபோது தேவகவுடா அதை எதிர்த்து, ‘மதச்சார்பற்ற’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய கட்சியை அமைத்தார். 2006 பிப்ரவரியில் அவருடைய மகன் குமாரசாமி, பாஜக ஆதரவுடன் முதல்வரானார். தமக்கு இதில் உடன்பாடில்லை என்று தந்தை அப்போது கூறினார்; ஆனால் கட்சி மகனின் வழியிலேயே சென்றது. அந்தக் கூட்டணி 2007-இல் முறிந்தபின், 2008 தேர்தலில் பாஜக 110 இடங்களுடன் தன் தலைமையில் ஆட்சி அமைத்தது. ஏணியை நீட்டியது யார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

2020-இல் கர்நாடக பாஜக அரசு, நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகளை நீக்கியது. விவசாயி அல்லாத எவரும், எந்த நிறுவனமும் விளைநிலம் வாங்கலாம் என்றாயிற்று. முதலில் எதிர்த்த மதச்சார்பற்ற ஜனதா தளம், டிசம்பரில் மேலவையில் ஆதரித்து வாக்களித்தது. அதே நாட்களில் டெல்லி எல்லையில் லட்சக்கணக்கான விவசாயிகள் குளிரில் அமர்ந்திருந்தனர். 1995-இல் சற்றே திறக்கப்பட்ட கதவு அன்று முழுதாகத் திறக்கப்பட்டது.

நம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. பெங்களூருவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில், ஒரு காலத்தில் பாசன நீர் கேட்ட நிலவுடைமையாளர்களில் ஒரு பகுதியினர் இன்று மனை விற்பனை, கல்குவாரி, ஒப்பந்தப் பணி, தனியார் கல்லூரி எனப் பரவிவிட்டனர். அவர்களுக்குப் பெருமூலதனம் இன்று எதிரியல்ல, பங்காளி. அந்தப் பகுதியினரின் கட்சி, பெருமூலதனத்தின் முதன்மைக் கட்சியுடன் சேர்வதில் வியப்பில்லை. 2023 மே தேர்தலில் 19 இடங்களுக்குச் சுருங்கியதும் அடுத்த நான்கு மாதங்களில் அது நிகழ்ந்தது. அதன் கேரள அமைப்பு மட்டும் அந்த முடிவை ஏற்க மறுத்து இடது ஜனநாயக முன்னணியில் நின்றது. அங்கே வலுவான இடதுசாரி இயக்கம் இருந்ததே அதற்குக் காரணம்.

தமிழ் பேசும் நமக்குக் காவிரி பற்றியும் ஒரு சொல். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த நகரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை மறக்க முடியாது. 2016 அக்டோபரில் தமிழகத்துக்கான நீர்த் திறப்புக்கு எதிராக விதான சவுதா வளாகத்தில் தேவகவுடா உண்ணாவிரதம் இருந்தார். கங்கை நீரை அயல்நாட்டுடன் பகிர்ந்து ஒப்பந்தம் செய்த அதே தலைவர், காவிரியில் ஒரு மாநிலத்தின் குரலாக மட்டுமே நின்றார். நீர் கேட்கும் மண்டியா விவசாயியும் தஞ்சை விவசாயியும் பகைவர்களல்லர். 2018 தீர்ப்பில் பெங்களூருவின் குடிநீருக்கென ஒதுக்கப்பட்ட 4.75 டிஎம்சியில் நம் வீட்டுக் குழாயின் நீரும் அடக்கம். இன உணர்வைக் கிளப்பும் இரு தரப்பாருக்கும் இதைச் சொல்லும் கடமை நமக்கே உண்டு.

இறுதியாக, நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை. வகுப்புவாத எதிர்ப்பில் பிராந்தியக் கட்சிகளுடன் சேர்ந்து நிற்க வேண்டியது அவசியம். 1996-இலும் அவசியமாக இருந்தது, இன்றும் அவ்வாறே. ஆனால் இடங்களின் கூட்டல் கணக்கால் மட்டும் கட்டப்பட்ட மதச்சார்பின்மை, கணக்கு மாறும்போது தானும் மாறும். அதை நிலைநிறுத்தும் சக்தி, உழைக்கும் மக்களின் அமைப்பில்தான் உள்ளது.

அந்தச் சக்தி இந்த நகரிலேயே இருக்கிறது. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு விதித்தபோது, ஆயத்த ஆடை ஆலைகளின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினர். எந்தக் கட்சியும் அந்தப் போராட்டத்தை அறிவிக்கவில்லை. இரண்டே நாட்களில் மோடி அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. 1996-இல் நாடாளுமன்றத்தின் 44 கம்யூனிஸ்ட் உறுப்பினர்களால் பங்கு விற்பனையில் சாதிக்க முடியாததை, இவர்கள் தங்கள் சேமிப்பு விஷயத்தில் வீதியில் சாதித்தார்கள். அப்பெண்கள் கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசுபவர்கள். பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் அவர்கள் குடியிருக்கும் தெருக்களில் நம் கிளைகள் இருக்கின்றனவா, அங்கே நாம் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே இந்த வகுப்பிலிருந்து ஒவ்வொரு தோழரும் தம் கிளைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கேள்வி.