தில்லி மக்கள் யார்? ஸ்பெயின் வழியாக ஒரு விசாரணை

ஒரு மக்களின் வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, அந்த மக்கள் எப்போது தொடங்கினார்கள் என்பது. ஸ்பெயினில் இது பெரிய வழக்காகவே நடந்திருக்கிறது. அமெரிக்கோ காஸ்ட்ரோ 1948இல் வெளியிட்ட நூலில், ஐபீரியரும் ரோமானியரும் விசிகோத்தியரும் ஸ்பானியர் அல்லர் என்று வாதிட்டார். 711இல் முஸ்லிம் படைகள் கடல் கடந்து வந்த பிறகு, கிறித்தவர், முஸ்லிம்கள், யூதர் ஆகிய மூவரும் பல நூற்றாண்டுகள் உரசியும் கலந்தும் வாழ்ந்ததில்தான் ஸ்பானியர் என்றொரு மக்கள் உருவானார்கள் என்பது அவர் கட்சி. கிளாடியோ சான்செஸ் அல்போர்னோஸ் 1956இல் இரண்டு பெருந்தொகுதிகளில் மறுப்பு எழுதினார். ஸ்பானியரின் இயல்பு ரோமானியருக்கும் முந்தியது, அரபு உறவு அதன் மேற்பரப்பைத்தான் தொட்டது என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின் காஸ்ட்ரோ அமெரிக்காவிலும் அல்போர்னோஸ் புவனோஸ் அயர்சிலும் இருந்தார்கள். ஸ்பானியர் யார் என்று தீர்ப்புச் சொன்ன இருவருக்குமே அப்போது ஸ்பெயினில் இடமில்லை.

அந்த வழக்கைத் தில்லிக்குக் கொண்டுவருவதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம். தில்லியைப் பொறுத்தவரை காஸ்ட்ரோ சொன்னது சரி, ஆனால் போதாது. இந்நகரத்து மக்கள் வந்தவர்களால் உண்டானது போலவே துரத்தப்பட்டவர்களாலும் உண்டானவர்கள். இங்கே இரத்த வழியைத் தேடிப் போனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுபடாமல் வந்திருப்பது வேறொன்று: வந்தவன், தனக்கு முன்னிருந்தவனின் கடந்தகாலத்தைத் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும் வழக்கம்.

தொன்மைக்குச் சான்று இல்லாமல் இல்லை. புராணா கிலா அகழாய்வுகளில் சாம்பல் நிற ஓவியப் பானை ஓடுகள் கிடைத்தன. மௌரியர் காலம் முதல் முகலாயர் காலம் வரை அடுக்கடுக்காகக் குடியிருப்பு இருந்தது தெரிந்தது. கிழக்குக் கைலாஷ் அருகே பஹாப்பூர்ப் பாறையில் அசோகரின் கல்வெட்டு 1966இல் கண்டறியப்பட்டது. ஆனால் பானை ஓடு, இங்கே யாரோ சமைத்தார்கள் என்பதற்குத்தான் சாட்சி. அவர்கள் நம் முன்னோர் என்பதற்கு ஆகாது. தன்னைப் பற்றித் தானே பேசும் தில்லிவாசியைச் சந்திக்க நாம் 1276க்கு வரவேண்டும். இன்றைய விமான நிலையத்தை அடுத்துள்ள பாலம் கிராமத்தில், சுல்தான் பல்பன் ஆட்சியில், உத்தரன் என்ற வணிகன் ஒரு படிக்கிணறு வெட்டி வடமொழியில் கல்வெட்டுப் பொறித்தான். அவன் குடும்பத்தின் பூர்விகம் உச். இப்போது பாகிஸ்தானியப் பஞ்சாபில் இருக்கும் ஊர். அந்தக் கல்வெட்டு, இந்த நிலத்தை முதலில் தோமரர் ஆண்டனர், பின்னர் சௌகான்கள், இப்போது சகர் என்று வரிசைப்படுத்துகிறது. சகர் என்று அது குறிப்பது சுல்தான்களை. கோரி முகம்மது தொடங்கி பல்பன் வரை பட்டியலும் உண்டு. பல்பன் பூமியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டதால் திருமால் பாற்கடலில் கவலையின்றித் துயில்கிறாராம்!

இது அரசனைக் காக்காய் பிடிக்கும் வணிகனின் பேச்சு, இதைச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். முகத்துதிதான், மறுக்கவில்லை. ஆனால் முகத்துதிக்குப் பல்பன் ஒருவனே போதுமே. ஆட்சியிழந்த தோமரரையும் தோற்றுப்போன சௌகான்களையும் அந்தச் சுல்தானின் காலத்திலேயே கல்லில் ஏற்றவேண்டிய கட்டாயம் உச் நகரத்துக் குடும்பத்துக்கு என்ன? அந்தக் கல்வெட்டு தன் வம்சத்தையும் சொல்கிறது, ஊரின் அரச வரிசையையும் சொல்கிறது. இரண்டையும் ஒரே கல்லில் வைத்ததன் மூலம் உத்தரன், தான் வாழவந்த ஊரின் பழமைக்குத் தன்னையும் வாரிசாக்கிக் கொள்கிறான். வெறும் உரிமைகோரல் இல்லை. ஊருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கோருகிறான். தில்லியின் வரலாற்றில் எந்தப் படையெடுப்பைவிடவும் இந்தக் கிணறு முக்கியமானது என்பேன்.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் தில்லியின் முகங்களாக நாம் கொண்டாடுபவர்களைப் பாருங்கள். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா பிறந்தது பதாயூனில், முன்னோர் புகாராக்காரர்கள். கவிஞர் அமீர் குஸ்ரு துருக்கியத் தந்தைக்குப் பிறந்தவர். உருதுக் கவிஞர்கள் மீர், காலிப் இருவரும் ஆக்ராவில் பிறந்தவர்கள். காலிபின் பாட்டனார் சமர்கந்துப் பக்கமிருந்து வந்தவர். சுல்தான் முகம்மது பின் துக்ளக் அயலவர்களுக்குப் பதவிகளை வாரி வழங்கினான். அவர்களை மதிப்புக்குரியவர்கள் என்றே அழைக்க உத்தரவிட்டான். மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து வந்த இபின் பதூதா இங்கே நீதிபதியானது அப்படித்தான். அதே இபின் பதூதா ஊர் திரும்பிய பின் ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் போகிறார். அங்கே குடியேறியிருந்த துறவியர் கூட்டத்தில் இந்தியர் இருவரைப் பார்த்ததாகப் பெயரோடு குறிப்பிடுகிறார். அவர் சொல்லச் சொல்லப் பயண நூலை எழுதியவரும் கிரனாடாக்காரரான இபின் ஜுஸய்யே. பதினான்காம் நூற்றாண்டுத் தில்லியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக விரிவான சித்திரங்களில் ஒன்று ஸ்பெயினில் பிறந்த ஒருவரின் கையால் எழுதப்பட்டது.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். இதெல்லாம் கோட்டைக்குள் வாழ்ந்தவர்களின் கதை. சுற்றியிருந்த கிராமங்களில் ஜாட்டுகளும் குஜ்ஜர்களும் தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருந்தார்களே, அவர்களல்லவா உண்மையான தில்லி மக்கள்? அல்போர்னோஸின் வாதம் இங்கே பேசினால் இப்படித்தான் பேசும். அதில் நியாயம் உண்டு. அக்கிராமங்களின் வரலாறு போதிய அளவு எழுதப்படவில்லை. ஆனால் அந்த வேர்களுக்கு என்ன ஆயிற்று? 1911இல் தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாறுவதாக அறிவிப்பு வந்தது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் ரைசினா, மால்ச்சா போன்ற கிராமங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மால்ச்சாக்காரர்கள் பலர் ஹரியானாவின் சோனிபத் அருகே குடியேறினார்கள். மால்ச்சா என்ற பெயர் தூதரகப் பகுதியின் சாலையொன்றில் மிஞ்சியிருக்கிறது. மண்ணின் மைந்தர் என்ற அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தினால், தில்லிக்கு மிகப் பழைய உரிமையாளர்களில் ஒரு பகுதியினர் இன்று தில்லிக்கு வெளியே இருக்கிறார்கள். அந்த அளவுகோலால் இந்நகரத்தை அளக்க முடியாது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

துரத்தல்களைத் தனியே பார்க்க வேண்டும். ஸ்பெயின் 1492இல் யூதரை வெளியேற்றியது; 1609 முதல் 1614 வரை, மதம் மாறிய முஸ்லிம்களின் வழிவந்த மொரிஸ்கோக்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேரை வெளியேற்றியது. வலென்சியாவின் வயல்கள் ஆளில்லாமல் கிடந்தன. அதற்கு வெகுமுன்பே, 1449இல், தொலேதோ நகரம் யூத வழியில் வந்த கிறித்தவர்களைப் பதவிகளிலிருந்து விலக்கி இரத்தத் தூய்மை பார்க்கத் தொடங்கியிருந்தது. தில்லியில் 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரைத் திரும்பப் பிடித்ததும் குடிமக்களை மதில்களுக்கு வெளியே துரத்தினார்கள். இந்துக்கள் மறு ஆண்டு திரும்ப விடப்பட்டார்கள். முஸ்லிம்கள் மேலும் காத்திருக்க நேர்ந்தது. பல்லிமாரானில் தன் வீட்டை விட்டு நகராமலிருந்த காலிப், ஆளரவமற்ற அந்த நகரத்தைத் தன் கடிதங்களில் பதிவு செய்தார். அடுத்தது 1947இன் பிரிவினை. 1941 கணக்கெடுப்பில் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 லட்சம். அதில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அகதிகள். மக்களில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறுக்கும் கீழானார்கள். பத்தே ஆண்டில் ஒரு நகரம் இவ்வளவு ஆள்மாறினால் பழைய மக்கள் தொடர்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது, ஊர்ப்பெயர் மட்டும்தானே மிச்சம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில், உத்தரனின் கிணற்றைப் போலவே தெருவில் கிடைக்கிறது. பெஷாவரிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தரியாகஞ்சில் மோதி மஹால் உணவகத்தைத் தொடங்கினார்கள். இன்று தந்தூரிக் கோழி தில்லியின் பழைய சுவை என்று அறிமுகமாகிறது, யாரும் ஆட்சேபிப்பதில்லை. ஆனால் 1947ஐ வெறும் வருகையின் வெற்றிக்கதையாகச் சொல்வது பாதி உண்மை. வெளியேறியவர்களின் வீடுகளில்தான் வந்தவர்கள் பலர் குடியேறினார்கள். ஸ்பெயின் தன் பங்கைக் காலம் கடந்தாவது எண்ணிப்பார்த்தது: துரத்தப்பட்ட யூதரின் சந்ததியாருக்குக் குடியுரிமை கோர வழிசெய்து 2015இல் சட்டம் இயற்றியது. மொரிஸ்கோக்களின் சந்ததியாருக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த வரிசையில்தான் தில்லித் தமிழர்களாகிய நாமும் நிற்கிறோம். சிம்லாவுக்கும் தில்லிக்குமாக அலுவலகத்தோடு இடம்மாறிய எழுத்தர்களின் பிள்ளைகளுக்காக 1923இல் மதராசி கல்விச் சங்கம் எழுந்தது. அதுவே பின்னர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம். கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று தமிழர் பரவினர். ஆனால் நம் வரலாற்றை நாம் எழுதும்போது, சங்க விழாக்களும் செயலகத்து அதிகாரிகளும் மட்டுமே அதில் இடம்பெறுகிறார்கள். வீட்டுவேலைக்கும் கூலிவேலைக்கும் வந்து ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலோரம் பல பத்தாண்டுகள் வாழ்ந்த தமிழர்களின் மதராசி முகாம், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். தகுதியுள்ளவர்கள் எனப்பட்டவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் குடியிருப்பு ஒதுக்கினார்கள். வடிகாலை அடைத்த ஆக்கிரமிப்பு என்பது சட்டத்தின் பார்வை. அதற்கு நீதிமன்றமே இடம், நான் அதில் புகவில்லை. வரலாற்றாசிரியனின் கேள்வி வேறு: அந்தக் குடும்பங்கள் தில்லி மக்களா, வெறும் வந்தேறிகளா? உத்தரனைத் தில்லிவாசி என்று ஏற்றவர்கள் இவர்களை மறுக்க வழியில்லை.

அவையோருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் தந்தை பெயர், தொழில், முகவரி எல்லாம் இருக்கும். தாள் பொடியாகிப் போவதற்குள் அவற்றைப் படியெடுத்து வைக்க இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையும் தில்லித் தமிழ்ச் சங்கமும் ஏற்பாடு செய்யவேண்டும். நரேலாவுக்குப் போனவர்களையும், எங்கும் வீடு கிடைக்காமல் சிதறியவர்களையும் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்வது அதனினும் அவசரம். அவர்களில் மூத்த தலைமுறையினர் இப்போதே முதுமையில் இருக்கிறார்கள்.