36 நிமிஷத்துக்கு ஒரு தடவை

இன்னிக்கு எபிசோட் ஸ்கூல் கணக்கு பத்தினது. மீ.சி.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு. எல்.சி.எம்.னு சொன்னா உடனே ஞாபகம் வரும். ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஒரு பையனோட பேர் கெட்டுப்போக இருந்த கதை இது.

கொஞ்ச வருஷம் முன்னாடி நான் இருந்த டீம்ல ஒரு பிரச்சினை. ஆர்டர் பேஜ் திடீர்னு ஸ்லோ ஆகும். ரெண்டு நிமிஷத்துல தானா சரியாயிடும். அந்த வாரம்தான் புதுசா சேர்ந்த ஒரு தம்பியோட கோட் லைவ் போயிருந்தது. மீட்டிங்ல "அவன் கோட்தான்"னு முடிவாயிடுச்சு. அதை முதல்ல சொன்னது நான்.

அந்தக் கோடைத் தூக்கிட்டோம். பிரச்சினை போகலை. அப்புறம்தான் லாக்ல ஸ்லோ ஆன நேரத்தை எல்லாம் வரிசையா எழுதினேன்: 10.00, 10.36, 11.12, 11.48. சரியா 36 நிமிஷ இடைவெளி. ஆனா 36 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுற வேலைன்னு எங்க சிஸ்டம்ல எதுவுமே கிடையாது. 12 நிமிஷத்துக்கு ஒண்ணு ஓடும், 18 நிமிஷத்துக்கு ஒண்ணு ஓடும். ரெண்டும் ஒரே டேட்டாபேஸ்ல கை வைக்கும். அந்த 18 நிமிஷ வேலையை அதே வாரம் சேர்த்தது நான்தான்.

12-ன் மடங்குகள்: 12, 24, 36, 48. 18-ன் மடங்குகள்: 18, 36, 54. ரெண்டும் முதல்ல சந்திக்கிற இடம் 36. அடுத்து 72, 108. பொது மடங்குகள் எல்லாமே மீ.சி.ம.வோட மடங்குகள்தான்.

பெரிய எண்களுக்கு இப்படி வரிசையா எழுத முடியாது. அதுக்கு யூக்ளிட் 2000 வருஷத்துக்கு முன்னாடியே வழி சொல்லி வச்சிருக்கார். 18-ஐ 12-ஆல் வகுத்தா மீதி 6. 12-ஐ அந்த 6-ஆல் வகுத்தா மீதி 0. அப்போ மீப்பெரு பொதுக் காரணி 6. ரெண்டு எண்ணையும் பெருக்கினா 216. அதை 6-ஆல் வகுத்தா 36. அவ்வளவுதான்.

சரி, எப்படிச் சரிபண்றது? எனக்கு அமெரிக்காவோட சிக்காடா பூச்சிகள் ஞாபகம் வந்தது. 13 வருஷத்துக்கு ஒரு தடவை, 17 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மண்ணுக்குள்ள இருந்து வெளிய வர்ற கூட்டங்கள் அங்க உண்டு. ரெண்டும் பகா எண், மீ.சி.ம. 221. அதுல ஒரு ஜோடி 1803-ல் சேர்ந்து வந்தது. அடுத்து சேர்ந்தது 2024-ல்தான். நாமளும் 13 நிமிஷம், 17 நிமிஷம்னு மாத்திடலாம்னு பெருமையா சொன்னேன்.

அந்தத் தம்பி மெதுவா கேட்டான்: "அண்ணா, அப்பவும் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மோதுமே? 12, 18 அப்படியே இருக்கட்டும். ஒண்ணை மட்டும் 3 நிமிஷம் தள்ளி ஆரம்பிச்சா போதும்."

யோசிச்சுப் பாருங்க. 12-ன் மடங்கும் 18-ன் மடங்கும் 6-ஆல் வகுபடும். ஒரு பக்கம் 3 கூட்டிட்டா அது வகுபடாது. அப்போ ரெண்டும் சந்திக்கவே முடியாது. எப்பவும் குறைஞ்சது 3 நிமிஷ இடைவெளி இருக்கும். எங்க வேலைகள் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். 13, 17-க்குப் பொதுக் காரணி 1 மட்டும்தான். அதனால எத்தனை முழு நிமிஷம் தள்ளினாலும் 221 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவை மோதியே தீரும்.

அவன் சொன்னபடியே மாத்தினோம். ஸ்லோ நின்னுடுச்சு. அவன் கோடும் திரும்ப லைவ் போச்சு. எந்த மீட்டிங்ல அவன் பேரைச் சொன்னேனோ, அதே மீட்டிங்ல சாரி கேட்டேன்.

போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு கணக்கு: 10 நிமிஷம், 15 நிமிஷம். எத்தனை நிமிஷம் தள்ளினா மோதாது? பதில் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.