அம்மன் வந்த வழியே ஒரு விடுமுறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'சிறு குழந்தைகளுடன் ஒரு நாட்டுப்புற விடுமுறை' என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கமாயிருக்க, ஊர் சுற்றிய கதையைப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கிழக்கேகோட்டையைச் சூழ்ந்து வாழும் நம் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. நம் பிள்ளைகளின் தாய்மொழியைப் பற்றிய செய்தி. ஆதலால் துணிந்து பேச முற்படுகிறேன்.

சென்ற ஆண்டு நவராத்திரியின்போது என் பெயர்த்தியையும் பெயரனையும் அழைத்துக்கொண்டு கோட்டை வாயிலருகே நின்றிருந்தேன். பெயர்த்திக்கு ஏழு வயது, பெயரனுக்கு நான்கு. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன் யானை மீது வர, வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வந்த காட்சியை நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள். அம்மனின் திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அப்போது பெயர்த்தி, "தாத்தா, இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? நாமும் அங்கே போகலாமா?" என்று கேட்டாள். மலையாளத்தில்தான் கேட்டாள். பள்ளியிலும் தெருவிலும் புழங்கும் மொழி அது. அதைக் குழந்தைகள் செம்மையாகக் கற்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், அம்மன் வரும் ஊர் நம் முன்னோர் ஊர் என்பதைக்கூட அவள் அறியாதிருந்தது என் நெஞ்சை உறுத்தியது.

கோடை விடுமுறை வந்தது. வாடகை வண்டி ஒன்றில் விடியற்காலையில் புறப்பட்டோம். ஒரே நாளில் பத்மநாபபுரம், திற்பரப்பு அருவி, பேச்சிப்பாறை அணை, சுசீந்திரம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி ஆகிய ஆறு இடங்கள்! பேச்சிப்பாறை செல்லும் வளைவுகளில் பெயரன் வாந்தியெடுத்தான். சுசீந்திரத்தில் கல்தளம் காலைச் சுட்டதென்று பெயர்த்தி அழுதாள். 133 அடி உயரத்தில் வள்ளுவர் சிலை கடலிடையே நிற்க, குழந்தைகள் இருவரும் தாயின் மடியில் உறங்கிப் போயினர். மறுநாள், "என்ன பார்த்தாய்?" என்று பெயரனைக் கேட்டேன். "ஒரு ஆடு" என்றான். தேநீர்க் கடையருகே கட்டியிருந்த ஆடு அது. ஆறு இடங்களும் பெரியவர்கள் கணக்குக்கு. ஆடு ஒன்றே குழந்தையின் கணக்கில் சேர்ந்தது. தவறு என்னுடையது.

இதை ஸ்காட்லாந்தில் பணிபுரியும் என் உறவினர் ஒருவருக்கு எழுதினேன். அவர் தம் சிறு பிள்ளைகளுடன் அந்நாட்டு மலைப்புறத்துக்கு விடுமுறைக்குச் செல்பவர். அவர் எழுதிய விடையில் ஓர் உண்மை இருந்தது. அங்குள்ளோர் சிற்றூர் ஒன்றில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரமும் அங்கேயே தங்கிவிடுவார்களாம். மழை பெய்தால் குழந்தைகளுக்கு ரப்பர்க் காலணி மாட்டி மழையிலேயே நடப்பார்களாம். 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பொறுப்புடன் நடப்போர் எவரும் பெரும்பாலான நிலங்களின் வழியே செல்ல உரிமை தந்திருக்கிறது. திறந்த வாயிற்கதவைச் சாத்துவதும், ஆட்டுக் குட்டிகளை வெருட்டாமல் ஒதுங்கிச் செல்வதும் அங்கே குழந்தைகளுக்கு முதற்பாடம். "இங்கே ஊரைப் பார்க்கப் போவதில்லை, ஊரில் இருக்கப் போகிறோம்" என்று அவர் எழுதியிருந்தார். அதற்கு ஸ்காட்லாந்து வரை செல்ல வேண்டுமா? நமக்கு நாஞ்சில் நாடு இருக்கிறதே என்று எண்ணினேன்.

ஓண விடுமுறையில் மீண்டும் புறப்பட்டோம். அம்மன் பத்மநாபபுரத்திலிருந்து கோட்டைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகிறது. குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி வருகிறாள். தெய்வமே தங்கித் தங்கி வரும் வழியில் நாம் மட்டும் ஏன் பறக்க வேண்டும்? எனவே நாங்களும் மூன்று நாள் என வகுத்துக்கொண்டோம். தம்பானூரில் பேருந்து ஏறி, அதே வழியை எதிர்த்திசையில் தொடர்ந்தோம்.

களியக்காவிளையைக் கடந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமான வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். என் பெயர்த்திக்கு அந்த வரலாறு தெரியாது. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற எழுத்துகள் மட்டும் தெரியும். அவள் சன்னலில் முகம் வைத்து, "ம... ரு... ந்... து" என்று கூட்டினாள். அடுத்து, "தே... நீ... ர்." பிறகு தக்கலை வரும் வரை அவள் வாய் ஓயவில்லை. அதுவரை தமிழ் எழுத்து அவளுக்குப் பாடநூலில் இருந்த ஒன்று. அன்றுதான் அது கடையிலும் சுவரிலும் பேருந்திலும் வாழும் எழுத்தாயிற்று. ஓராண்டு வகுப்பு செய்யாததை ஒரு மணி நேரப் பயணம் செய்தது.

பத்மநாபபுரம் அரண்மனையில் அரைநாள் தங்கினோம். திருவனந்தபுரம் தலைநகராவதற்கு முன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர் இதுவே. இன்று அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். அதைப் பேணுவது கேரளத் தொல்பொருள் துறை. நம் வாழ்வும் அப்படித்தானே? ஓரிடத்தில் வேர், மற்றோரிடத்தில் நிழல். குழந்தைகளை அரசர் பெயர்களால் நாங்கள் வருத்தவில்லை. ஆயிரம் பேர் ஒருங்கே அமர்ந்து உண்ணும் ஊட்டுப்புரையில் ஓடவிட்டோம். ஊறுகாய் வைத்த பெருஞ்சாடிகளைப் பெயரன் எண்ணினான். படையில் சேர வந்தோர் தூக்கிக் காட்டிய கல் என்று சொல்லப்படும் உருண்டைக் கல்லை, அவன் கண்களாலேயே தூக்கி மகிழ்ந்தான்.

அன்று மாலை தேரூரை அடுத்த சிற்றூரில் உறவினர் வீட்டை அடைந்தோம். மறுநாள் முழுதும் அங்கேதான். கன்னிப்பூ அறுவடைக் காலம். இன்று வயலில் இறங்குவது அறுவடை எந்திரமே. எனினும் வைக்கோல் மணமும் களத்து நெல்லும் மாறவில்லை. வீட்டு மூதாட்டி முறத்தில் நெல்லைப் புடைத்துக் காட்டினார். "பறப்பது பதர், கிடப்பது நெல்" என்றார். மடை, வரப்பு, கதிர், பதர், களம் என அன்று ஒரு நாளில் குழந்தைகள் கற்ற சொற்களை எந்தப் பாடநூலிலும் நான் கற்பித்திருக்க முடியாது. சொல்லைக் கேட்ட கணமே பொருளும் கையில் இருந்தது.

மாலையில் தேரூர்க் குளக்கரையில் நடந்தோம். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. 1876-இல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்ததும் இத்தேரூரில்தான். குழந்தைகளுக்கென எளிய தமிழில் பாடிய அப்பெருமகனார், நம் திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். இங்கிருந்து அங்கு சென்று அவர் வழங்கிய தமிழை, அங்கிருந்து இங்கு வந்து நாங்கள் தேடினோம்.

மூன்றாம் நாள் மாத்தூர்த் தொட்டிப் பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் நீரைச் சுமந்து செல்லும் பாலம். காமராசர் ஆட்சியில் திட்டமிடப்பெற்று 1966-இல் முடிந்தது. "ஆறு கீழே ஓடும்போது தண்ணீர் ஏன் மேலே போகிறது?" என்று பெயர்த்தி கேட்டாள். இம்முறை தமிழில் கேட்டாள். பள்ளத்தில் இறங்கிய நீர் எதிர் மேட்டில் தானே ஏறாது. ஆதலால் உயரம் குறையாமல் ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குப் பாலத்தின் வழியே கொண்டு செல்கிறார்கள் என்று விளக்கினேன். அருகிருந்த திருவட்டாறு கோவிலுக்கும் செல்லலாமே என்றார் மருமகள். குழந்தைகளின் கண்கள் களைத்திருந்தன. அடுத்த முறைக்கென விட்டு வைத்தோம்.

அன்பர்களே! அந்த நீருக்கு நான் சொன்ன விளக்கம் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை விட்டு நீங்கவில்லை. தமிழும் அத்தகையதே. ஒரு தலைமுறை அதைப் பள்ளத்தில் விட்டுவிட்டால், அடுத்த தலைமுறையில் அது தானே மேலேறி வாராது. இடையில் நிற்கும் நாம்தான் தூணாய் நின்று தாங்க வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. பேருந்துக் கட்டணம், கட்டுச்சோறு, குடிநீர், மாற்றுடை, பொறுமை ஆகியன போதும். ஒரு நாளைக்கு ஓர் இடம். ஓர் இரவேனும் ஓர் ஊரில் தங்கல். கேள்விகளுக்குத் தமிழில் விடை. உறவினர் வீடு இல்லாத குடும்பங்களை உடையவர்கள் அழைத்துச் செல்லுங்கள். சங்கம் அதற்கு வழிசெய்யட்டும்.

இவ்வாண்டு நவராத்திரியில் மீண்டும் அதே இடத்தில் நின்றோம். யானை மீது அம்மன் வந்தாள். அருகில் நின்ற தோழி, அம்மன் எங்கிருந்து வருகிறாள் என்று கேட்க, என் பெயர்த்தி நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை என்று விரல்விட்டு எண்ணி, "எனக்கு அந்த வழி தெரியும்" என்றாள். நம் இல்லங்களில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் அவ்வாறு சொல்லும் நாள் வருமாக!