காலியான காலுறையும் காணாமல் போன முயலும்



"பழையதைக் காப்பது கடமையா? சுமையா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப அழகாகப் பேசினாங்க. "பரண் பூரா பழைய சாமான். ஒட்டடை அடிக்கப் போனா தலையில விழுது. தூக்கிப் போடுங்கய்யா"ன்னாங்க. கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் கவனிச்சேன். தட்டினதுல முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவங்க தூக்கிப் போடணும்னு நினைச்ச பழைய சாமான் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கோன்னு எனக்கு ஒரு சந்தேகம். (சிரிப்பு)

அம்மா இன்னொன்றும் கேட்டாங்க. "குழந்தைங்க பார்த்துச் சிரிக்கிற பொம்மைப் படத்தைக் கூடவா பாதுகாப்பீங்க?" இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன், நடுவர் அவர்களே.

ஒரு பொம்மைப் படம். நாடு அமெரிக்கா. 1927-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மிக்கி மவுஸ் அப்போது பிறக்கவே இல்லை. வால்ட் டிஸ்னியும் அவருடைய கூட்டாளி அப் அய்வெர்க்ஸும் அதற்கு முன்னால் ஒரு முயலை உருவாக்கினார்கள். பேரு ஆஸ்வால்டு. அதிர்ஷ்டக்கார முயல் என்று பட்டம் வேறு.

அந்த முயலை வைத்துக் கிறிஸ்துமஸுக்காக எடுத்த படம் 'எம்ப்டி சாக்ஸ்'. தமிழில் சொன்னால் காலிக் காலுறைகள். அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் இரவில் குழந்தைகள் காலுறையைத் தொங்கவிட்டுத் தூங்கும். தாத்தா வந்து பரிசுகளால் நிரப்புவார் என்று நம்பிக்கை. விடிந்து பார்க்கும்போது காலுறை காலியாக இருந்தால்? அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். இந்தப் படத்தில் அநாதை இல்லத்துக் குழந்தைகள். அவர்களுக்காக முயல் தாத்தா வேஷம் கட்டுகிறது. பிள்ளைகள் சேட்டை பண்ணி, வீடே தீப்பிடித்து, ஒரே கலாட்டா. சில நிமிடங்கள் ஓடுகிற மௌனப் படம், அவ்வளவுதான்.

1928-இல் டிஸ்னி நியூயார்க் போனார். தயாரிப்பாளர் சார்லஸ் மின்ட்ஸிடம், "படம் நன்றாக ஓடுகிறது, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்" என்றார். மின்ட்ஸ், "கூட்டுவதா? குறைக்கப் போகிறேன்" என்றார். போதாக்குறைக்கு டிஸ்னியிடம் வேலை பார்த்த ஓவியர்களில் பெரும்பாலானவர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முயலின் உரிமையோ யுனிவர்சல் நிறுவனத்திடம். பெற்ற பிள்ளை இனி பெற்றவனுக்குச் சொந்தமில்லை! அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் மிக்கி மவுஸ். அதே ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி 'ஸ்டீம்போட் வில்லி' திரைக்கு வந்தது. எலி உலகத்தை ஆண்டது. முயலை ஊர் மறந்தது.

அந்த முயல் டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பி வந்தது 2006-இல். எப்படித் தெரியுமா? ஆல் மைக்கேல்ஸ் என்று புகழ் பெற்ற விளையாட்டு வர்ணனையாளர். அவரைப் போட்டித் தொலைக்காட்சிக்கு விட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் இந்த முயலை வாங்கிக்கொண்டார்கள். ஆளைக் கொடுத்து முயலை வாங்கியிருக்கிறார்கள்! நடுவர் ஐயா, பட்டிமன்றத்தில் என்னைக் கொடுத்தால் என்ன தருவார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். (சிரிப்பு)

உரிமை வந்தது, சரி. படம்? அங்கேதான் இடி. டிஸ்னி காலத்தில் எடுத்த ஆஸ்வால்டு படங்கள் 26. அதில் பலவற்றைக் காணோம்.

ஏன் காணாமல் போயின? 1927-இல் பேசும் படம் வந்துவிட்டது. மௌனப் படத்துக்கு மவுசு போச்சு. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. தீப்பிடித்தால் தண்ணீரில் போட்டாலும் அணையாமல் எரியும். தீப்பிடிக்காவிட்டால் தானாகவே மக்கிப் பொடியாகும். "இதுக்கு யாரு காவல் இருக்கிறது?" என்று நினைத்தார்கள். 1948-இல் யுனிவர்சல் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப் பட நெகடிவ்களை அழித்தே விட்டது. எதிரணி அம்மா சொன்ன அதே வார்த்தைதான்: இடத்தை அடைக்குது, தூக்கிப் போடுங்க! அமெரிக்காவில் வந்த முழுநீள மௌனப் படங்கள் ஏறத்தாழ 11,000. அவற்றில் முதலில் வெளியான வடிவத்திலேயே மிஞ்சியவை 14 சதவீதம் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் கணக்குச் சொன்னது. நம் கதை மட்டும் என்ன வாழ்கிறது? 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதற்கு இன்று ஒரு பிரதி கிடையாது.

'எம்ப்டி சாக்ஸ்' என்ன ஆச்சு? நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் சுமார் 25 விநாடித் துண்டு மட்டும் இருந்தது. 25 விநாடி! ஒரு பல்பொடி விளம்பரம் ஓடுகிற நேரம். மற்றதெல்லாம் போச்சு என்று உலகம் கைகழுவிவிட்டது.

2014. நார்வே நாடு. வடதுருவ வட்டத்துக்குப் பக்கத்தில் மூ இ ரானா என்று ஓர் ஊர். அங்கே தேசிய நூலகத்தின் கிடங்கில் பழைய ஃபிலிம்களை எடுத்து இருப்புக் கணக்குப் பார்த்தார்கள். சரியாகப் பெயர் எழுதாத இரண்டு சுருள்கள். பிரித்துப் பார்த்தால் நம்ம முயல், தாத்தா வேஷத்தோடு! சுமார் ஐந்தரை நிமிடப் படம். நடுவில் ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிற பகுதி மட்டும் இல்லை. 87 ஆண்டுகளுக்குப் பிறகு, அதுவும் ஒரு டிசம்பர் மாதத்தில், அந்தச் செய்தி உலகத்துக்கு வந்தது. (கைதட்டல்)

அடுத்த ஆண்டு லண்டன். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகப் பட்டியலை ஓர் ஆய்வாளர் புரட்டிக்கொண்டிருந்தார். 'ஸ்லெய் பெல்ஸ்' என்ற பெயர் கண்ணில் பட்டது. 1928-இல் வந்த இன்னொரு ஆஸ்வால்டு படம். அதுவும் தொலைந்ததாக எழுதப்பட்டது. 2015 டிசம்பரில் புதுப்பித்து லண்டனில் திரையிட்டார்கள்.

மூன்றாவது ஜப்பான். ஒசாகா நகரம். யசுஷி வதனாபே என்ற அனிமேஷன் வரலாற்று ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பொம்மை மொத்த வியாபாரியிடம் 500 யென் கொடுத்து ஒரு ஃபிலிம் வாங்கினார். அதன் மேல் 'மிக்கி' என்று எழுதியிருந்தது. பத்திரமாக வைத்திருந்தார். பிற்காலத்தில் தொலைந்த ஆஸ்வால்டு படங்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. படித்தார். "அடடா, நம்ம வீட்டில் இருப்பது எலி இல்லையே, முயலாச்சே!" என்று அவருக்குத் தட்டியது. 2018-இல் அது 'நெக் அண்ட் நெக்' என்று உறுதியானது. அப்போது அவருக்கு வயது 84. சுமார் 70 ஆண்டு வீட்டில் வைத்திருந்தார். எதிரணி அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நார்வேயில் பொருள் இருந்தது, சரியான பெயர் இல்லை. லண்டனில் பெயரும் இருந்தது, பார்க்கிற கண் இல்லை. ஜப்பானில் பெயரே தப்பு. மூன்று இடத்திலும் படம் தொலையவே இல்லை. தொலைந்தது நம்முடைய அறிவு. எதிரணி சொல்வதில் பாதி நியாயம் என்று நான் ஒப்புக்கொள்கிறேன். என்னவென்று தெரியாமல் மூட்டை கட்டி வைத்தால் அது சுமைதான். ஆனால் அதற்கு மருந்து தூக்கிப் போடுவதா? பிரித்துப் பார்த்து, பெயர் எழுதி வைப்பதா? பெயர் எழுதாத பொருளைக் கூட எண்பது வருஷம் கழித்து யாராவது கண்டுபிடிக்கலாம். எரித்த பொருளை எந்த ஆய்வாளர் கண்டுபிடிப்பார்?

"பொம்மைப் படம்தானே" என்கிறீர்கள். அரசர்கள் தங்கள் கதையைக் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். குழந்தைகளுக்குக் கல்வெட்டு கிடையாது. ஒரு காலத்துப் பிள்ளைகள் எதைக் கண்டு சிரித்தார்கள், எதற்கு ஏங்கினார்கள் என்று சொல்ல இந்த மாதிரிச் சின்னப் பொருள்கள்தான் சாட்சி. மாதிரிக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டு பீரோவில் கல்யாண வீடியோ கேசட் இருக்கும். காலமான பாட்டி அதில் சிரித்துக்கொண்டே சந்தனம் கொடுப்பார். அந்த நாடா வருஷா வருஷம் கெட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக்கே எடுத்துப் பிரதி போடுங்கள். மேலே யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். வேற்று நாட்டு முயலுக்குக் கிடைத்த மறுபிறவி நம் வீட்டுப் பாட்டிக்குக் கிடைக்க வேண்டாமா?

காப்பது கடமையே. நமக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் கை விட்டுப் பார்க்கும்போது காலுறை காலியாக இருக்கக் கூடாது என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.